தீக்காவலரின் ஹெட் டார்ச்: பிரித்து, கழுவி, பழுது பார்ப்பது எப்படி?

மாசி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர் பக்கத்துக் காடுகளில் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். ராத்திரியில் தீ என்று தகவல் வந்தால் தீக்காவலரின் இரண்டு கையும் பச்சைத் தழையிலும் அரிவாளிலும்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு நெற்றியில் கட்டிய டார்ச்சை விட்டால் வேறு வழியில்லை. யானை நடமாடும் சரிவில், புகைக்கு நடுவே அது அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்த வேலையைத் தை மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஹெட் டார்ச் கெட்டுவிட்டது என்று வருவதில் எல்.இ.டி. எரிந்துபோனது மிகக் குறைவு. செல் வைக்கும் அறையில் அரிப்பு, ஒயர் முறிவு, ரப்பர் வளையத்தில் சாம்பல் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மூன்றையும் வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம்.

வாங்கி வைக்க வேண்டியவை

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், ஒரு இன்ச் பெயிண்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், இயர் பட்ஸ், மைக்ரோஃபைபர் துணி, ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, இன்வர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். சிலிக்கான் கிரீஸ் சின்ன டப்பா ஒன்று. ஒயர் வேலைக்கு 25 வாட் சால்டரிங் அயன், ஈயம், சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

ஒவ்வொரு டார்ச்சுக்கும் பெயிண்ட் பேனாவால் எண் போடுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதியும் கண்ட குறையும். செல்லைக் கழற்றுவதற்கு முன்பே டார்ச்சைப் போட்டு, குலுக்கி, சாய்த்து, ஒயரை லேசாக இழுத்துப் பாருங்கள். எந்த அசைவில் மினுக்குகிறதோ அங்கேதான் கோளாறு. கழுவிய பிறகு இந்தத் தடயம் மறைந்துவிடும்.

லென்ஸைச் சுற்றியோ உடலிலோ விரிசல் இருந்தாலும், வெப்பத்தில் பிளாஸ்டிக் நெளிந்திருந்தாலும் அந்த டார்ச்சைத் தீ வேலைக்கு வைக்காதீர்கள். பசை போட்டுத் தேற்றியதை நம்பி ஒருவரைக் காட்டுக்குள் அனுப்பக் கூடாது.

சாம்பலை ஒருபோதும் துடைக்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. சாம்பலோடு ஒட்டியிருக்கும் மண் துகள் பாலிகார்பனேட் லென்ஸை விடக் கடினமானது. சட்டை நுனியால் ஒரு தேய் தேய்த்தால் வட்டவட்டமாகக் கீறல் விழும். ராத்திரியில் புகைக்குள் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்துக் கண்ணெதிரே வெள்ளைத் திரை கட்டிவிடும்.

பெயிண்ட் பிரஷால் காய்ந்த சாம்பலைத் தட்டி உதறுங்கள். செல்லை எடுத்துவிட்டு மூடியை இறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பிரஷை அதில் தோய்த்துத் தோய்த்துக் கழுவுங்கள். பட்டனைச் சுற்றியிருக்கும் பள்ளத்தை டூத் பிரஷால் தேயுங்கள். வியர்வையும் சாம்பலும் சேர்ந்து அங்கே சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். டார்ச்சில் தண்ணீர் தாங்கும் தரக்குறி ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் அது தெறிக்கும் தண்ணீரை மட்டுமே தாங்கும், வாளியில் முக்கக் கூடாது. ஐ.பி.எக்ஸ். 7 என்றால், ரப்பர் வளையம் நன்றாக இருக்கும்வரை, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும்.

கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். நம் மாவட்டங்களில் அது உப்புத் தண்ணீர்; காய்ந்ததும் லென்ஸில் வெள்ளைத் திட்டு நிற்கும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ போதும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல், தின்னர், நகப்பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் எதுவும் லென்ஸில் படக் கூடாது. பட்டால் உள்ளுக்குள் நூல் நூலாக வெடிப்பு ஓடும்.

லேசான கீறலை 2000, பிறகு 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் மேல்பூச்சு போய்விடுவதால் அடுத்த கீறல் இன்னும் சீக்கிரம் விழும். கை தடவினால் நகம் மாட்டும் கீறலுக்கு லென்ஸை மாற்றுவதே சரி.

செல் அறை

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். ஆல்கலைன் செல் கசிந்தால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்று பட்டு வெள்ளைப் பூவாகப் படிந்திருக்கும். தோலையும் கண்ணையும் பொசுக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டே தொடுங்கள்.

இயர் பட்ஸில் வினிகர் தொட்டு அந்தப் பூவின் மேல் வையுங்கள். சின்னச் சின்னக் குமிழ் பொங்கும். பொங்குவது நின்று, புதுப் பஞ்சு வைத்தாலும் குமிழ் வராதபோதுதான் அந்த இடம் சுத்தம். வினிகரை அப்படியே விடாதீர்கள், அதுவும் உலோகத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பஞ்சால் இரண்டு முறை, ஐ.பி.ஏ.-வால் ஒரு முறை துடைத்து, ஒரு மணி நேரம் நிழலில் காயவிடுங்கள். கருத்த ஸ்பிரிங்கைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் நிக்கல் பூச்சு உரிந்து, அடுத்த மழையிலேயே துரு ஏறும்.

இதோடு முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். கசிவு ஒயரின் தோலுக்குள் ஊர்ந்து போகும். ஸ்பிரிங்கில் ஈயம் வைத்த இடத்தில் ஒயரின் தோலை அரை சென்டிமீட்டர் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போய், அங்கிருந்து புது ஒயர் சேர்த்து, ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பின்தலையில் செல் பெட்டி உள்ள மாடல்களில் ஒயர் பெட்டிக்குள் நுழையும் முனையில்தான் முறியும். அங்கே இரட்டை ஹீட் ஷ்ரிங்க் தேவை.

இப்போது மல்டிமீட்டர். மூன்று புதுச் செல் போட்டு, முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, செல்களின் மொத்த வோல்ட்டையும் சர்க்யூட் போர்டில் ஒயர் சேரும் இடத்து வோல்ட்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நடுவில் இன்னும் அழுக்கோ தளர்வோ இருக்கிறது.

ரப்பர் வளையம்

மூடியின் கறுப்பு வளையத்தைப் பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுங்கள், ஊசி வேண்டாம். லேசாக இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெடிப்பு தெரியும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். அரிசி மணி அளவு சிலிக்கான் கிரீஸை விரலில் தேய்த்து, வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சாம்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்ட வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் ஃபெவிக்விக் வகைப் பசையும் வேண்டாம், அதன் ஆவி லென்ஸின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசை செல் முனைகளை அரிக்கும்.

பட்டை

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, நிழலில் காயப்போடுங்கள். பிளீச்சிங் பவுடர் எலாஸ்டிக்கைத் தின்றுவிடும். 20 சென்டிமீட்டர் அளந்து 30 வரை இழுத்து விடுங்கள். 21-ஐத் தாண்டி நின்றால் பட்டைக்கு ஆயுள் முடிந்தது. தீப்பொறி பட்டு உருகிக் கெட்டியான புள்ளி ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். பல மாடல்களுக்கு 25 மில்லிமீட்டர் எலாஸ்டிக் பொருந்தும், தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஹெல்மெட்டில் கட்டுவதானால் நாலு கொக்கியும் விளிம்பைப் பிடிக்கிறதா என்று குனிந்து, தலையை உதறிப் பாருங்கள்.

செல்லும் கடைசிச் சோதனையும்

பழசும் புதுசும் கலந்து போடாதீர்கள். பலவீனமான செல்லை மற்ற இரண்டும் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தள்ளும், கசிவு அங்கேதான் தொடங்கும். ஆல்கலைனில் 1.5 வோல்ட்டுக்குக் குறைந்ததைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். 18650 என்ற ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல் என்றால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். உறை கிழிந்தது, நசுங்கியது, உப்பியது எதையும் போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய ஜீப்புக்குள் லித்தியம் செல்லை விட்டு வரவும் கூடாது.

புதுச் செல்லோடு மூன்று மீட்டர் தூரத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்து அரை மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனைப் போட்டு அணைத்துப் பாருங்கள். லென்ஸுக்குள் ஆவி படர்ந்தால் ஈரம் உள்ளே சிக்கியிருக்கிறது: மூடியைத் திறந்து ஒரு நாள் நிழலில் காயவைத்து, மறுபடி முதலிலிருந்து சோதியுங்கள்.

மழை இறங்கித் தீக்காலம் முடிந்ததும் ஆல்கலைன் செல்களைக் கழற்றி, மூடியை அரைத் திருகல் தளர்த்தி வையுங்கள், வளையம் நசுங்கி நிற்காது. லித்தியம் செல்லை 3.7, 3.8 வோல்ட் அளவில், தனித்தனி பிளாஸ்டிக் டப்பியில் வைத்து, எந்த எண் டார்ச்சுக்கு உரியது என்று டப்பி மேலேயே எழுதிவிடுங்கள்.