யாருக்கும் தெரியாத பாட்டுக்காரருக்கு ரசிகராக இருப்பது எப்படி

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பாட வராது. கை தட்டினால்கூடத் தாளம் தப்பும். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியபோது கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்றிருந்தேன். கானாவும் ராப்பும் பறையும் கிடாரும் ஒரே மேடையில். அன்று பிடித்த பைத்தியம்தான், சினிமாவில் இல்லாத பாட்டுக்காரர்களின் பின்னால் சுற்றுவது.

அப்படிச் சுற்றியதில் கிடைத்தவர் தாராபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, கிடாரோடு பாடுவார். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மாமா உறுமி வாசிப்பார். கீழே வருவது பெரும்பாலும் இவர்கள் கதைதான். பெயரைப் போட்டால் அவர்களுக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். வரவு செலவெல்லாம் இதில் வருகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

முதலில் நான் செய்த தப்பு. 2019-இல் காங்கேயம் பக்கம் ஒரு கோயில் நோம்பியில் அவர்கள் பாடியதை போனில் எடுத்து, என் யூடியூப் கணக்கில் ஏற்றினேன். தலைப்பு: 'செம பாட்டு, கேட்டுப் பாருங்க'. ஒரே மாதத்தில் 41,000 பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தம்பி கடன் வாங்கி, ஸ்டுடியோவில் அதே பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்து தன் சேனலில் போட்டார். 600 பேர். பாட்டின் முதல் வரியைத் தேடினால் என்னுடைய ஆடுகிற, இரைகிற வீடியோதான் மேலே வந்தது. அதில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. "அண்ணா, பேரையாவது போட்டிருக்கலாமுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தலைப்பை மாற்றி, அவர் பாட்டின் இணைப்பை மேலே குத்திவைத்து, ஒரு மாதம் கழித்து என் வீடியோவையே மறைத்துவிட்டேன்.

ஆகவே முதல் வேலை: பாட்டைக் கோப்பாக அனுப்பாதீர்கள், இணைப்பாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு எம்பி3 நான்கு கை மாறினால் 'ஏயூடி' என்று ஆரம்பித்துத் தேதியும் எண்ணுமாக ஒரு பெயர்தான் மிஞ்சும். பாடியவர், எழுதியவர் எல்லாரும் வழியிலேயே இறங்கிவிடுவார்கள். கேட்டுவிட்டுப் பிடித்துப்போய் ஒருவர் தேடினாலும் தேட ஒன்றும் இருக்காது.

இணைப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யூடியூபில் ஒரே பாட்டு இரண்டு மூன்று இடத்தில் கிடக்கும். பாட்டுக்காரரின் சொந்தச் சேனல் ஒன்று. அவர் பெயருக்குப் பக்கத்தில் 'டாபிக்' என்று போட்டு, அசையாத அட்டைப்படத்தோடு வருவது இன்னொன்று. அது விநியோக நிறுவனம் (பாட்டை வாங்கி எல்லாத் தளங்களிலும் ஏற்றித் தருபவர்கள்) வழியாகத் தானாக உருவாவது, திருட்டு இல்லை. மூன்றாவது, என்னைப் போன்ற ஆர்வக்கோளாறுகள் ஏற்றியது. சொந்தச் சேனலின் இணைப்பையே அனுப்புங்கள். விளம்பரக் காசு வர வேண்டுமானால் அந்தச் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (குட்டி வீடியோக்களுக்கு வேறு கணக்கு). நாலு நிமிடப் பாட்டை 60,000 முறை முழுதாகக் கேட்டால்தான் 4,000 மணி நேரம். என் 41,000 அவர் சேனலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். தொழில் பழக்கம்.

சரி, யாருக்கு அனுப்புவது? குழுவில் போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 180 பேர் இருக்கும் எங்கள் பழைய மாணவர் குழுவில் 'அனைவரும் கேட்டு ஆதரவு தாரீர்' என்று போட்டேன். இரண்டு கட்டைவிரல் வந்தது. அதில் ஒன்று என் மச்சான், அவன் எதற்கும் கட்டைவிரல் போடுவான். அதற்கப்புறம் ஆள் பார்த்து அனுப்ப ஆரம்பித்தேன். கிணறு வெட்டிக் கடனான குடும்பத்தில் பிறந்த நண்பன் ஒருவனுக்கு நான் அனுப்பியது இது:

'மாப்ள, வத்திப்போன கிணத்தப் பத்திப் பாடியிருக்காப்ல. 1:50-ல மாமா உறுமிய இழுப்பாரு, அங்கிருந்து கேளு. புடிச்சா மட்டும் முதல்ல இருந்து கேளு.'

அவன் கேட்டான், தன் அப்பாவுக்கும் போட்டுக் காட்டினான். எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று சொல்வது முக்கியம். உறுமியின் இடது பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வருமே, அந்த இடத்தைக் காட்டிவிட்டால் மீதியைப் பாட்டே பார்த்துக்கொள்ளும். 'அருமையான பாட்டு' என்று சொல்லி அனுப்பினால் யாரும் திறப்பதில்லை.

ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 விநாடி தாண்டினால்தான் ஒரு தடவை கேட்டதாக எண்ணுவார்கள். 2024-லிருந்து, ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசு. பெரிய ஆட்களுக்கு இது தூசி. நம் தம்பிக்கு அது ஒரு மலை. ஆனால் 60 பேர் மாதத்துக்கு இரண்டு முறை கேட்டாலே வருடத்தில் 1,440 ஆகிவிடும். அறுபது பேரைத் திரட்டுவது நம்மால் முடிகிற வேலை.

இதையும் குறுக்குவழியில் செய்யப் பார்த்தோம். எங்களில் நாலு பேர் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஒரே பாட்டை ஓடவிட்டுத் தூங்கினோம். பதினைந்து நாள் இப்படி. ஒருநாள் பாட்டையே காணோம். செயற்கையாகக் கேட்க வைத்ததாகச் சந்தேகம் என்று விநியோக நிறுவனம் எடுத்துவிட்டது. இந்த மாதிரி மோசடி பெரிய அளவில் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தரிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் வாங்குகிறது, அதனால் அவர்கள் நம்மிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். திரும்ப ஏற மூன்று வாரம் ஆனது. பாட்டுக்காரரிடம் போய் "நாங்கதான்" என்று சொல்ல வேண்டிவந்தது தனிக் கொடுமை. கேட்பதாக இருந்தால் காதால் கேளுங்கள்.

ரீல்ஸ் போடுகிறவர்கள் டிவியில் ஓடுவதை எடுத்துப் போடாமல், இன்ஸ்டாகிராமின் பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது பெயர் தானாக ஒட்டிக்கொண்டு வரும். உறுமி வாசித்தவர் பெயர் வராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அப்புறம் காசு. நேராகக் கொடுப்பதைவிட நல்ல வழி கிடையாது. யுபிஐ வந்தபிறகு வெட்கப்பட ஒன்றுமில்லை: அவருடைய சொந்த கியூஆர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாள், பாட்டு வெளியீடு என்று ஏதாவது சாக்கு வரும்போது 200, 500 போடுங்கள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தைக் காட்டுங்கள். அங்கே பாட்டை விலைக்கு வாங்கலாம். கேட்ட விலைக்கு மேலும் கொடுக்கலாம். டிஜிட்டல் பாட்டுக்கு 15 சதவீதமும், சட்டை மாதிரிப் பொருளுக்கு 10 சதவீதமும் அவர்கள் கழிவு, அது போகப் பணம் செலுத்தும் கட்டணம். கொரோனா தொடங்கியபோது, 2020 மார்ச் 20 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அப்படிச் சில வெள்ளிக்கிழமைகளை அறிவிக்கிறார்கள். டொராண்டோவிலிருக்கும் என் சித்தி பையன் அந்த நாள் பார்த்துத்தான் வாங்குவான். இங்கிருந்து நாம் வாங்குவதில் ஒரு சிக்கல். அங்கே பணம் பேபால் வழியாகப் போகிறது, பேபாலோ 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள்ளேயே அனுப்பி வாங்குவதை நிறுத்திவிட்டது. அதனால் உள்ளூர்க்காரருக்கு யுபிஐ, கடல் தாண்டியவருக்கு பேண்ட்கேம்ப் என்று பிரித்துக்கொண்டோம்.

உங்கள் தொழிலில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். எனக்குத் திருப்பூரும் கணக்கும் இருக்கின்றன. கணக்குக்காரனாகச் செய்தது சின்ன வேலைதான்: பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் உரிமத்தொகை வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது, அதில் சேர பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரமெல்லாம் சேர்த்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். திருப்பூர்க்காரனாகச் செய்தது டிசர்ட்.

180 ஜிஎஸ்எம் (துணியின் கனத்தைச் சொல்லும் அளவு) பருத்தி, கறுப்பு, பயோ வாஷ் செய்து வழவழப்பாக்கியது, 60 பீஸ். சட்டை 135, பிரிண்டிங் 25, ஆக 160 ரூபாய். மொத்தம் 9,600 என் கையிலிருந்து போட்டேன், விற்றபின் திருப்பித் தந்தார்கள். ஒரே நிறத்தில் வரைந்து தரச் சொல்லுங்கள், நிறம் கூடக்கூட ஸ்கிரீன் (மை அடிக்கும் வலைச்சட்டம்) கூடும், காசு கூடும். கறுப்புத் துணியில் வெள்ளை மை ஒரே அடியில் நிற்காது. ஒருமுறை அடித்து, சூடு காட்டி உலரவிட்டு, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். 'ஒரு அடி போதுங்க' என்று சொல்லும் பிரிண்டரிடம் கொடுத்தால் நாலாவது துவைப்பில் உறுமி படம் சாம்பலாகிவிடும். எனக்குச் சாம்பலான ஒன்று இருக்கிறது, வண்டி துடைக்க வைத்திருக்கிறேன். அளவில்தான் ஏமாந்தேன். ஐந்து அளவிலும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் போட்டேன். எல், எக்ஸ்எல் அரை மணி நேரத்தில் காலி. எஸ் ஒன்பது நின்றுவிட்டது. பாட்டுக் கேட்க வருகிற கூட்டம் கொஞ்சம் தொப்பை வைத்த கூட்டம் என்று அன்று தெரிந்தது. 350 ரூபாய்க்கு 38 பீஸ் போனது. 13,300. அசல் போக 3,700 அன்றே கையில்.

கடைசியாக மொட்டைமாடிக் கச்சேரி. இதைச் செய்து பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் லேசு. எங்கள் வீட்டு மாடியில் 30 பேர் உட்காரலாம். முதலில் தொகையைப் பேசிவிட வேண்டும். 'விளம்பரம் கிடைக்கும், நாலு பேருக்குத் தெரியும்' என்பதெல்லாம் தொகை ஆகாது, அதைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுக்க முடியாது. இருவருக்கும் சேர்த்து 5,000 என்று பேசி, ஆயிரம் முன்பணம் போட்டேன். ஆளுக்கு 300 என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். 'விருப்பப்பட்டதைக் கொடுங்கள்' என்று உண்டியல் வைத்தால் நம்மவர்கள் நூறு ரூபாயைப் போட்டுவிட்டு இரண்டு தரம் தயிர்சாதம் சாப்பிடுவார்கள்.

மைக்செட்காரரிடம் ஒரே ஒரு ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் சொல்லுங்கள். அவர் கல்யாண மண்டபத்துக்கு வருகிற மாதிரி நாலு பெட்டி இறக்கப் பார்ப்பார், விடாதீர்கள். உறுமிக்கு மைக்கே வேண்டாம், மாடியில் அது தானே கேட்கும். பக்கத்து நாலு வீட்டுக்கும் முந்தைய நாளே போய்ச் சொல்லி, அவர்களையும் வரச் சொல்லுங்கள். சட்டப்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நாங்கள் ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்தோம். பவானி ஜமக்காளம் இரண்டு விரித்து, முழங்கால் வலிக்காரர்களுக்குப் பந்தல் கடையிலிருந்து நாற்காலி. முதல் வரிசையில் குழந்தைகள் வேண்டாம், உறுமிக் குச்சியைப் பிடுங்கப் பார்க்கும்.

வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "சினிமாவில் எப்போ பாடுவீங்க?" என்று யாரும் கேட்கக் கூடாது. அப்படியும் எதிர்வீட்டு அக்கா கேட்டுவிட்டார். மாமா உறுமியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "இப்ப பாடினது கேக்கலீங்களா?" என்றார். அக்கா அடுத்த கச்சேரிக்கு மூன்று பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கணக்கை அன்று ராத்திரியே முடித்து, தாளைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் தாள் இது: வந்தவர்கள் 28. வசூல் 8,100. மைக்செட் 1,800, நாற்காலி 350. சாப்பாடு எங்கள் வீட்டுச் செலவு, கணக்கில் இல்லை. மீதி 5,950. பேசியது 5,000 என்றாலும் மீதி முழுவதும் அவர்களுக்கு. 28 பேருக்கு 8,400 வர வேண்டுமே, 300 குறைகிறதே என்று ஆறு பேர் கேட்டார்கள். குறைவது என் மச்சானுடையது. அந்தப் படத்துக்கும் அவன் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறான்.