வேலைக்காகச் சென்னைக்கு வருகிறீர்களா? வீடு பிடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சென்னையில வாடகை எவ்வளவு?" என்பதுதான். மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கிளம்பி வரும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது, வாடகையை மூன்றாவதாகப் பாருங்கள் என்று. முதலில் போய்வரும் வழி, அடுத்தது தண்ணீர். இரண்டும் நன்றாக அமைந்த வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. இரண்டும் சரியில்லாத வீட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது.

படி 1: வேலை எந்தச் சென்னையில் என்று கேளுங்கள்

கம்பெனிக் கடிதத்தில் 'சென்னை' என்று போட்டிருக்கும். அது கிண்டியாக இருக்கலாம், அம்பத்தூர் எஸ்டேட்டாக இருக்கலாம், ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) சிறுசேரியாக இருக்கலாம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடமாகக்கூட இருக்கலாம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இருக்கலாம். கட்டடத்தின் முழு முகவரி, ஷிஃப்ட் நேரம், கம்பெனி பஸ் உண்டா, உண்டு என்றால் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பதையெல்லாம் ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பெனி பஸ் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அந்த நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடினால் போதும்.

படி 2: ரயில் தடத்தைப் பிடியுங்கள்

கம்பெனி பஸ் இல்லையென்றால் ரயிலை நம்புங்கள். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு தடம். சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கு ஒன்று, கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். மெட்ரோவில் விம்கோ நகர் – விமான நிலையம் ஒரு வழி, சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலைக்கு இன்னொன்று. வேலை கிண்டியில் என்றால் பல்லாவரமோ குரோம்பேட்டையோ தாம்பரமோ, அதே தடத்தில் வீடு பாருங்கள். மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதச் செலவு மிகக் குறைவு.

ஓ.எம்.ஆர். வேலைக்காரர்களுக்குத்தான் சிரமம். அந்தச் சாலை நெடுக மின்சார ரயில் கிடையாது. அதனால் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஆபீஸ் இருக்கும் பக்கமே தங்குவது நல்லது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். 2021 முதல் இந்த வசதி இருக்கிறது. செலவுக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் மாதம் விடுதி

ஊரில் உட்கார்ந்துகொண்டு போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். போட்டோவை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. முதல் மாதம் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு பி.ஜி.யிலோ (மாத வாடகை விடுதி), திருவல்லிக்கேணிப் பக்கம் வேலை என்றால் மேன்ஷன் என்கிற பேச்சிலர் விடுதியிலோ தங்குங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. தாம்பரத்தில் ஒன்று உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்த மாதத்தில் சனி ஞாயிறு எல்லாம் வீடு பாருங்கள். பிடித்த ஏரியா என்று தோன்றினால் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிறு மதியம் இருபது நிமிடத்தில் போன தூரம் எவ்வளவு நீளும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

படி 4: வீட்டில் தண்ணீரைப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். சென்னை ஒரே ஊரில் வெள்ளம், வறட்சி என்று இரண்டு கஷ்டத்தையும் காட்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடியும் வெள்ளம்.

வீட்டுக்குள் போனதும் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்க வேண்டாம். நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைப் பாருங்கள். குழாய் வாயைச் சுற்றியும் ஷவர் துளையிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பு என்று அர்த்தம். அதில் சோப்பு நுரைக்காது. கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் கெட்டுப்போகும். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், நாக்கே சொல்லிவிடும். அப்புறம் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டா, போர் மட்டுமா, கோடையில் லாரி வாங்குகிறார்களா, அந்தப் பணம் யார் தலையில்? மெயின்டனன்ஸ் என்று மாதாமாதம் வாங்குவதில் லாரித் தண்ணீரும் அடக்கமா என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். குடிக்கப் பெரும்பாலும் 20 லிட்டர் கேன்தான். மூன்றாவது மாடி என்றால் மேலே கொண்டுவந்து வைப்பார்களா என்றும் கேளுங்கள்.

வெள்ள விஷயத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை மளிகைக் கடையிலோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேளுங்கள். "அண்ணே, மிக்ஜாம் அப்போ இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்றால், முழங்காலா இடுப்பா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். காம்பவுண்டுச் சுவரிலும் படிக்கட்டுக்கு அடியிலும் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வீடு பார்க்க அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. கனமழை பெய்த மறுநாள் காலை போய் நின்றால் தெரு மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டிவிடும். தாழ்வான பகுதியில் தரைத்தளம் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

படி 5: பணமும் பத்திரமும்

முன்பெல்லாம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்பு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் இந்தச் சட்டம் சொல்கிறது, ஆன்லைனிலேயே செய்யலாம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தரகர் மூலம் வந்தால் பொதுவாக ஒரு மாத வாடகை அவருக்கு.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மின்வாரியத்தின் மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர் தானே மாட்டிய சப் மீட்டர் என்றால், யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் விலை.

இன்னொன்று. "பேச்சிலரா, ஃபேமிலியா? வெஜ்ஜா? என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். வாடகை கொடுக்கப்போகிறவரிடம் சாதியையும் சாப்பாட்டையும் விசாரிப்பது அநியாயம், எனக்கு இன்றும் மனது கொதிக்கும். ஆனால் வெயிலில் அலைந்து வாசலில் போய் நின்று அந்தக் கேள்வியைச் சந்திக்க வேண்டாம். போனிலேயே யார் யார் தங்கப்போகிறீர்கள் என்று சொல்லி, சரி என்கிற வீட்டை மட்டும் பாருங்கள்.

படி 6: குடிவந்த வாரம்

கேஸ் இணைப்பை மாற்றுங்கள், ஆதாரில் முகவரியைத் திருத்துங்கள், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 கொடுங்கள். குப்பை, தெருவிளக்கு, தேங்கிய மழைநீருக்குச் சென்னை மாநகராட்சி எண் 1913. கரண்டுக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். இப்போது ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான், காலை எட்டு மணிக்குத் திறக்கும். பண்டிகை நாளுக்குச் சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும். தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் எழும்பூர், தாம்பரத்திலிருந்து. கோவைப் பக்கம் சென்ட்ரல். தெற்கே போகும் அரசு பஸ்கள் 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. வண்டலூர் தாண்டி, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. அம்பத்தூரிலோ சோழிங்கநல்லூரிலோ இருப்பவர்கள் பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை அங்கே போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆபீஸில் அரை நாள் லீவை அதற்கு முன்பே சொல்லி வாங்கிவிடுங்கள்.