மாலத்தீவில் டீச்சர் வேலையா? புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவு என்றதும் கண்ணில் வருவது கடலுக்கு மேல் கட்டிய ரிசார்ட் குடில்கள்தான். பி.எட். முடித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் போய் இறங்கும் இடம் வேறு. அந்த நாட்டில் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் 200க்கும் குறைவானவற்றில்தான் ஊர்மக்கள் வாழ்கிறார்கள். அதில் ஏதோ ஒன்றில் ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், நாலைந்து கடை, ஒரு ஜெட்டி, அதாவது படகுத்துறை. பல ஊர்களை அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். கணக்கு, இயற்பியல், அக்கவுண்டன்சி நடத்த தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் பல வருடங்களாக ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாடம் ஆங்கில வழியில்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். நன்றாகப் படித்துவிட்டுப் போகிற யாருக்கும் வகுப்பறை பெரிய சிரமம் தராது. சிரமம் வருவதெல்லாம் பணத்திலும் படகிலும் ஊர்வழக்கத்திலும்தான்.

முதலில் பணம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில் வரும். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை. ஏஜென்ட் அந்த விலையில் சம்பளத்தை டாலராக்கி, டாலரை நம் ரூபாயாக்கி, ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிடுவார். பெருக்கலில் தப்பு இருக்காது. அந்த விலைக்கு, கேட்கிற அளவுக்கு டாலர் கிடைக்காது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். நாட்டில் டாலர் தட்டுப்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. வெளிநாட்டுப் பணியாளர்கள் மாதம் இவ்வளவுதான் ஊருக்கு அனுப்பலாம் என்று வங்கிகள் உச்சவரம்பு வைக்கின்றன. நெருக்கடி முற்றினால் அது இன்னும் குறையும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். கைக்கு 12,000 ருஃபியா வருகிறது. அதிகாரபூர்வ விலையில் ஏறக்குறைய 778 டாலர். வங்கி 400 டாலர்தான் அனுப்பும் என்றால் அதற்கு 6,168 ருஃபியா போகும். மீதி 5,832 ருஃபியா அங்கேயே நிற்கும். சாப்பாட்டுச் செலவு போக மிச்சமாவதை வெளியில் டாலராக மாற்றப் போனால் விலை கூடுதல், சட்டப்படியும் அது தப்பு. இங்கே அப்பா நகைக்கடனுக்கும் சீட்டுக்கும் அந்த முழுத் தொகையை நம்பி வாக்குக் கொடுத்திருப்பார். கிளம்புவதற்கு முன்பே, அங்கே வேலை பார்க்கிற ஒருவரிடம் "இந்த மாதம் எவ்வளவு அனுப்ப முடிந்தது?" என்று கேளுங்கள். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதைவிட இது முக்கியம். மாதத் தவணைகளை அனுப்ப முடிகிற தொகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தில் ஒன்றே ஒன்று. இந்தியர்களுக்கு அங்கே போய் இறங்கியதும் சுற்றுலா அனுமதி இலவசமாகக் கிடைக்கும். "அதில் போய்விடு, வேலை அனுமதி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். அனுமதி கைக்கு வரும்வரை வகுப்பில் நிற்பது சட்டவிரோதம். பிடிபட்டால் பாதிக்கப்படுவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. வேலை அனுமதி கிடைத்த பிறகும் அது அந்தப் பள்ளி வேலைக்கு மட்டும்தான். சாயங்காலம் தனியாக ட்யூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைத்துப் போவது ஆபத்து. ஏஜென்ட் மூலம் போவதென்றால் அவர் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பெட்டி கட்டும்போது அம்மா ஒரு சின்னப் பிள்ளையார் சிலையைத் துணிக்கு நடுவில் வைத்துவிடுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுவர அந்த நாட்டின் சுங்கம் அனுமதிப்பதில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படித்தான். அங்கே குடிமக்கள் எல்லாரும் முஸ்லிம்கள்; வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது. அறைக்குள் கண்ணை மூடி மனதாரக் கும்பிடுவதை யாரும் கேட்கப் போவதில்லை. வகுப்பில் மதத்தைப் பற்றிப் பேசுவதும், தீபாவளிப் படத்தை மாணவர்கள் இருக்கிற வாட்ஸப் குழுவில் போடுவதும் வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். நம்மை வேலைக்கு அழைத்த ஊரின் சட்டத்தை மதிப்பதில் நமக்கு ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து.

ரமலானில் பகலில் கடைகளில் சாப்பாடு கிடைக்காது, வெளியில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. முந்தின நாளே சமைத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொழுகை நேரத்தில் கடை சாத்தினால் பதினைந்து இருபது நிமிடம் பொறுங்கள், திறந்துவிடுவார்கள்.

சாப்பாட்டில் மீன்தான் எல்லாம். காலையில் சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மாஸ் ஹுனி, கூடவே சப்பாத்தி மாதிரியான ரொஷி. காய்கறி பெரும்பாலும் சரக்குப் படகில் வருவது. படகு வந்த அன்று சாயங்காலம் ஜெட்டிக்குப் போய்ப் பாருங்கள்: வெங்காய மூட்டை, முட்டை அட்டை, சிலிண்டர், யாரோ ஒருவரின் புது வாஷிங் மெஷின் எல்லாம் கைமாறிக் கைமாறி இறங்கும். தக்காளியை அன்றைக்கே வாங்க வேண்டும், இரண்டு நாள் கழித்துப் போனால் அடியில் நசுங்கியதுதான் மிஞ்சும். சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, புளி, சாம்பார்ப்பொடி தாராளமாக எடுத்துப் போகலாம். முருங்கைக் கீரை அங்கேயும் உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருந்துச்சீட்டோடு கொண்டுபோங்கள். போதைப்பொருள் சட்டம் கடுமையானது, விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வகுப்பறையில் ஒரு பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்: கை ஓங்குவது. எங்கேயுமே தவறுதான், அங்கே சட்டமும் தடுக்கிறது. சத்தம் போட்டு மிரட்டுவதும் எடுபடாது. காலையில் நீங்கள் திட்டிய பையனின் அப்பாதான் மாலையில் உங்களைப் படகில் ஏற்றி அழைத்துப்போவார், அவன் சித்திதான் கடையில் பில் போடுவார். சின்ன ஊரில் டீச்சர் எப்போதும் டீச்சர்தான். உடை, பேச்சு, யாரோடு எங்கே போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். பெண் ஆசிரியைகளுக்கு முதலில் இது மூச்சுமுட்டும். ஆனால் காய்ச்சலில் படுத்தால் கஞ்சியோடு கதவைத் தட்டுவதும் அதே ஊர்தான். நாலு தமிழர், நாலு மலையாளி மட்டும் ஒரே அறையில் கூடி மாலை முழுக்க ஃபோன் பார்த்தே வருடத்தை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நாட்டு மொழியான திவேஹியில் முப்பது நாற்பது சொல் கற்றுக்கொண்டு ஜெட்டியில் போய் உட்காருங்கள், ஆட்கள் தானாக வந்து பேசுவார்கள்.

பயணம் போவதில் பொதுவான தவறு, வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுவது. நாடு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் விடுமுறை. பொதுப் படகுச் சேவை வெள்ளியன்று பொதுவாக ஓடாது. அதனால் வியாழன் மதியம் படகைப் பிடிக்காவிட்டால் அந்த வாரம் போச்சு. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன், ஜூலையில் கடல் கொந்தளித்தால் ஸ்பீட் போட்டையே நிறுத்திவிடுவார்கள். தூரத்து அட்டோலில் (தீவுக்கூட்டத்தில்) இருப்பவர்கள் காலையில் தலைநகர் மாலே வந்து சாயங்காலம் திருவனந்தபுரம் விமானம் ஏறுவதாக டிக்கெட் போடவே கூடாது. ஒரு ராத்திரி மாலேயிலோ பக்கத்திலிருக்கும் ஹுல்ஹுமாலேயிலோ தங்குகிற செலவு, தவறவிட்ட விமானத்தைவிடக் குறைவு.

நீச்சல் தெரியாமல் போகிறவர்கள் அதிகம். பவளத்திட்டுக்கு உள்ளே முழங்கால் அளவுத் தண்ணீர். திட்டு முடிகிற இடத்தில் தரை சட்டென்று கீழே போய்விடும். தீவுகளுக்கு இடையிலான கால்வாய்களில் நீரோட்டம் இழுக்கும். ஊர்ப் பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்று கூடவே இறங்காமல், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் மாலேயில் ஷாப்பிங் என்று முடித்துக்கொள்ளாதீர்கள். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில், அதே தென்மேற்குப் பருவத்தில்தான், மான்டா திருக்கைகள் கூட்டமாக வந்து வாயைத் திறந்தபடி இரை தின்னும். அங்கே டைவிங் கிடையாது; கைடோடு, ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய்) போட்டு மட்டும்தான் பார்க்கலாம். தெற்கே நிலநடுக்கோட்டைத் தாண்டினால் ஃபுவமுலாவில் நன்னீர் ஏரிகள், சேம்பு வயல், வாழை. அட்டுவில் 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக இருந்த கன் தீவிலிருந்து பாலச்சாலை வழியாகவே சைக்கிளில் ஹிததூ வரை போய்வரலாம். அங்கிருந்து பவளத் துண்டோ ஆமை ஓடோ எடுத்துப் பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு.