வசனமில்லாத குறும்படத்தைக் கொண்டு கதைக்கூறுகளைக் கற்பிப்பது எப்படி?

களம், முரண், உச்சம், மையக்கருத்து ஆகியவற்றின் வரையறைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடத்தைத் தொடங்கினால், மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்துவிடுவார்களே தவிர, ஒரு கதைக்குள் அவை செய்யும் வேலையை உணரமாட்டார்கள். படத்தை முதலில் காட்டிவிட்டுப் பெயர்களைப் பின்னர் சொல்வதே நல்லது. வடசென்னைக் கடலோரத்தின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்க வந்திருக்கும் புதிய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வசனமே இல்லாத படத்தைத் தேர்ந்தெடுங்கள். நடந்ததைச் சொல்லில் வடிக்கும் பொறுப்பு அப்போது முழுவதும் மாணவரிடம் வந்துவிடும். பிக்சார் நிறுவனம் 2016இல் வெளியிட்ட, ஆஸ்கர் விருது பெற்ற 'பைப்பர்' ஏறக்குறைய ஆறு நிமிடங்களே ஓடும். கடலோரப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். இரை தேடக் கரைக்கு வரும் உள்ளான் என்னும் கரைப்பறவையின் குஞ்சு அலையில் நனைந்து, அஞ்சிக் கூட்டில் ஒடுங்குகிறது. பின்னர், அலை வரும்போது மணலில் புதைந்துகொள்ளும் சிறு நண்டைப் பார்த்துத் தானும் அவ்வாறே செய்து, நீருக்கடியில் கண்திறந்து சிப்பிகளைக் காண்கிறது.

படி 2: முதல்முறை நிறுத்தாமல் காட்டுங்கள், குறிப்பெடுக்கச் சொல்ல வேண்டாம்.

படி 3: இரண்டாம் முறை இரண்டே இடங்களில் நிறுத்துங்கள். அலை குஞ்சின்மேல் விழுந்ததும், "அதற்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது?" என்று கேளுங்கள். "அலை" என்று உடனே விடை வரும். அலை வடிந்த பின்னும் குஞ்சு ஏன் வெளியே வரவில்லை என்று அடுத்துக் கேட்டால், பசிக்கும் அச்சத்துக்கும் இடையிலான அகமுரணை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீருக்கடியில் கண்திறக்கும் இடத்தில் மறுபடி நிறுத்துங்கள், அதுவே உச்சம். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் (உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளில்) அச்சம், மருட்கை (வியப்பு), உவகை (மகிழ்ச்சி) மூன்றும் இப்படத்தில் அடுத்தடுத்து வருவதையும், அவை குஞ்சின் உடலில் எப்படித் தெரிகின்றன என்பதையும் இங்கே பேசலாம்.

படி 4: களத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பல ஆசிரியர்கள் 'இடம்: கடற்கரை' என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள், அது போதாது. இந்தக் குஞ்சு காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் இடையே பிறந்திருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய கரையையும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளையும் அன்றாடம் பார்க்கும் பிள்ளைகள், அங்கே பல இடங்களில் மணலே இல்லை என்பார்கள். மணல் இல்லையேல் நண்டு புதைய முடியாது. நண்டு புதையாவிட்டால் குஞ்சு கற்றுக்கொள்ள வழியில்லை. களம் மாறினால் கதையே மாறிவிடும் என்பது அப்போது விளங்கும். நெய்தல் திணையின் முதற்பொருளையும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளையும் (அந்நிலத்துக்குரிய உயிர்கள், தொழில் முதலியவை) அறிமுகப்படுத்த இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

படி 5: அந்தக் கருங்கல் கரைக்கு ஏற்ப அதே கதையை அரைப்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மையக்கருத்தை இறுதியாகக் கேளுங்கள். "அச்சத்தை வெல்ல வேண்டும்" என்று ஒருவர் எழுதினால், எந்தக் காட்சி அப்படி நினைக்க வைத்தது என்பதையும் சேர்த்து எழுதச் செய்து, அதன் பின்னரே மதிப்பெண் அளியுங்கள்.