பைன் காட்டுக்குக் கடற்கரைக் கணக்கு உதவாது

ராயபுரத்தில் வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே கிளம்புவோம். கொடைக்கானலுக்குப் போனபோதும் அதே கணக்கைத்தான் போட்டோம். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குப் பைன் காட்டில் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் மரம் தெரியவில்லை. அங்கே பல நாள் மதியத்துக்கு மேல்தான் மேகம் இறங்கும். காலையில் முதல் வேலையாகப் போய்விடுங்கள், கூட்டமும் இருக்காது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். லாட்ஜ் வாசலில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள்; மரநிழலுக்குள் நுழைந்ததும் குளிரும்.

பெரிய தவறு செருப்பு. பைன் இலை நீளமான ஊசி மாதிரி, வழவழவென்று இருக்கும். சீக்கிரம் மக்காது, தரையெல்லாம் மெத்தையாகக் கிடக்கும். காய்ந்திருந்தாலே சரிவில் வழுக்கும், நனைந்தால் கேட்கவே வேண்டாம். "காசிமேட்டு ஈரத் தரையில மீன் கூடையோட நடக்கிறவ நான், இங்க விழுவேனா?" என்றார் எங்கள் அத்தை. காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. நாலாவது அடியில் உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார். அடியில் வரியுள்ள ஷூ போடுங்கள், இலை மூடாமல் மண் தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள்.

அந்த இலை சீக்கிரம் தீயும் பிடிக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு பீடித் துண்டு போதும். மரத்தில் பெயர் செதுக்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

இது இயற்கைக் காடு என்று நினைப்பதும் தவறுதான். ஆங்கிலேயர் காலத்தில் நட்ட மரங்கள் இவை. நம் மலைகளில் அதிகம் நட்ட ஒரு வகை மெக்சிகோவைச் சேர்ந்தது. இந்த மலைக்குச் சொந்தமானவை சோலைக்காடும் புல்வெளியும். பைனுக்கு அடியில் வேறு செடி அதிகம் இல்லாததைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் இ-பாஸ் (மலைக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுக்காமல் கிளம்பாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழும்பூரில் ரயிலேறி, கொடை ரோட்டில் இறங்கி, அரசுப் பேருந்தில் போனால் அது வேண்டாம்.

அப்புறம், மரத்தைக் கட்டிப்பிடித்த அத்தையின் புடவை முழுக்கப் பிசின். தண்ணீர் பட்டால் அது போகாது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பிறகு சோப்புப் போட வேண்டும். அத்தை நேரே சோப்புப் போட்டுவிட்டார்.