பெருவிரல் மூட்டுப் புடைப்பு: அறிவதும் கவனிப்பதும்

கால் பெருவிரலின் அடிமூட்டில் துருத்தி நிற்கும் புடைப்பைப் புதிதாக வளர்ந்த எலும்பு என்று பலரும் எண்ணி அஞ்சுகிறார்கள். உண்மையில், பாதத்தின் முதல் நீளெலும்பு உட்பக்கமாக, அதாவது மற்றப் பாதத்தை நோக்கி விலக, பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்வதால் மூட்டே வெளியே தள்ளி நிற்கிறது. பரம்பரையாக வரும் பாத அமைப்பு இதற்கு முக்கியக் காரணம். முனை குறுகிய, குதி உயர்ந்த காலணிகள் அதை மோசமாக்குகின்றன.

ஆகவே காலணியிலிருந்து தொடங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் ஒரு தாளின்மேல் நின்று, பாதத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, அதன்மேல் காலணியை வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அதை விட்டுவிடுங்கள். வலிக்கும்போது, பாதத்தில் உணர்ச்சி குறைவில்லாதவர்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். விரல்களுக்கிடையே வைக்கும் சிலிக்கான் தடுப்பு உராய்வைக் குறைக்குமே தவிர, சாய்ந்த விரலை நிமிர்த்தாது.

ஓரிரவில் மூட்டு சிவந்து கடுமையாக வலித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் வாதமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் புடைப்பின்மேல் சிறு புண் வந்தாலும் தாமதிக்கக் கூடாது. எலும்பை வெட்டி நேராக்கும் அறுவைச் சிகிச்சையை அழகுக்காக அல்லாமல், காலணி மாற்றம் முதலிய கவனிப்புகளுக்குப் பின்னும் நடக்கவிடாத வலிக்கே நாட வேண்டும். அதன்பின் வீக்கம் முழுவதும் வடியப் பல மாதங்கள் ஆகலாம்.