பனிச்சாலையில் கனரக வண்டி: தரையில் கற்ற நல்ல பழக்கம்தான் அங்கே தவறு

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், யெல்லோநைஃப் ஊரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போனால் சாலை டிபிட் ஏரிக்கரையில் முடிந்துவிடும். வருடத்தில் பத்து மாதம் அதற்கு அப்பால் லாரிக்கு வழி கிடையாது. ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் வாக்கில் ஏரி போதுமான அளவு கெட்டியானதும் அங்கிருந்து டிபிட்-கான்ட்வாய்ட்டோ பனிக்காலச் சாலை திறக்கும். முதலில் 1982இல் லூபின் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்டது. பிற்பாடு எக்காட்டி, டயாவிக் போன்ற வைரச் சுரங்கங்களின் உயிர்நாடியாக ஆனது. இந்தச் சாலையில் சுமார் 85 சதவீதம் உறைந்த ஏரிகளின் மேலேயே போகிறது. சுரங்கங்களுக்கு வருடம் முழுக்கத் தேவைப்படும் டீசல், சிமென்ட், வெடிமருந்து, டயர் என எல்லாம் எட்டு பத்து வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 2007இல் ஒரே பருவத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லோடு போயிருக்கிறது.

இந்த மாதிரி சாலைகளில் வண்டி ஓட்டுபவர்கள், சாலையைச் சமன்செய்யும் கிரேடர், அள்ளிப்போடும் லோடர், தள்ளி ஒதுக்கும் டோசர் இயக்குபவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். பெரும்பாலானவை சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. தரையில் வேலை செய்து செய்து கைக்குப் பழகிப்போன நல்ல பழக்கங்கள்தான் அங்கே காலை வாருகின்றன. ஆபத்தான இடத்தைச் சட்டென்று கடந்துவிடுவது, பழுதான வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பது, டீசலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைப்பது, எல்லாம் ஊரில் கெட்டிக்காரத்தனம்.

"குளிர் ஜாஸ்தி, அப்போ பனி உறுதி"

இது முதல் தவறு, பெரிய தவறும் கூட. ஏரியின் மேல் இருக்கும் பனிக்கட்டி தரை கிடையாது, தண்ணீரில் மிதக்கும் ஒரு பலகை. வண்டி ஏறினால் அது கொஞ்சம் கீழே வளையும், அடியில் இருக்கும் தண்ணீர்தான் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு லோர்ன் கோல்ட் என்ற கனடா ஆய்வாளர் 1971இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தடிமனை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்ணை 4 என்று வைத்தால் 100 செ.மீ. பனி 40,000 கிலோ தாங்கும். சரி, 50 செ.மீ. என்றால் 20,000 தாங்குமா? இல்லை, வெறும் 10,000. தடிமன் பாதியானால் பலம் கால்வாசி. இது மனதில் பதியாதவர்கள்தான் "கொஞ்சம்தானே மெலிசு" என்று ஏற்றிவிடுகிறார்கள்.

இதிலும் ஒரு உள்குத்து உண்டு. எல்லாப் பனியும் ஒன்றல்ல. தண்ணீர் மேலிருந்து கீழாக மெதுவாக உறைந்தால் வருவது கண்ணாடி மாதிரி தெளிவான நீலப் பனி. மேலே விழுந்த பனித்தூள் தண்ணீரில் ஊறி உறைந்தால் வருவது வெள்ளைப் பனி, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்தது. வழக்கமான கணக்கில் வெள்ளைப் பனியின் தடிமனைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். துளை போட்டு "80 செ.மீ. இருக்கு" என்று சொல்லும் ஆளிடம் அதில் எத்தனை செ.மீ. நீலம் என்று கேட்காமல் விடுவது தவறு. ஒரே ஒரு துளையை நம்புவதும் தவறு. ஓடை வந்து கலக்கும் இடம், இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் குறுகல், அடியில் நீரோட்டம் உள்ள இடம், இங்கெல்லாம் பத்தடி தள்ளி பனி வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் பருவத் தொடக்கத்தில் ஹேக்லண்ட்ஸ் போன்ற நீரில் மிதக்கக்கூடிய இலகுவான வண்டியில் ரேடார் கட்டி இழுத்து, வழி நெடுகத் தடிமனை அளந்துகொண்டே போகிறார்கள்.

திடீர்க் குளிரும் நல்லதல்ல. ஒரே நாளில் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் சரிந்தால் மேற்பரப்பு சுருங்கும், அடிப்பக்கம் பூஜ்ஜியத்திலேயே இருக்கும். அந்த இழுபறியில் பனி வெடிக்கும், நொறுங்கும் தன்மை கூடும். வெளியே மைனஸ் 40 என்று பார்த்துவிட்டு "இன்றைக்கு ஜம்மென்று இருக்கும்" என்று கிளம்புவதைவிட, நேற்று எவ்வளவு இருந்தது என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

விரிசல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்த விரிசல் எல்லாப் பனிச்சாலையிலும் இருக்கும், பனி இரவெல்லாம் டமார் டமார் என்று சத்தம் போடும், பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் ஊறி நிற்கும் விரிசல் வேறு சங்கதி. அது மேலிருந்து அடிவரை பிளந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரமான விரிசல் ஒன்று இருந்தால் எடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இரண்டு ஒன்றையொன்று வெட்டினால் கால்வாசி என்பது பழைய விதி.

ஆபத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம் என்ற நினைப்பு

ஆற்றுப்பாலம் ஆடினால் வேகமாகக் கடந்துவிடத் தோன்றும். மனித இயல்பு. பனியில் அதுதான் ஆளைக் கொல்லும்.

வண்டி நகரும்போது பனி வளைகிறது அல்லவா, அந்தப் பள்ளமும் கூடவே நகர்கிறது. அடியில் இருக்கும் தண்ணீரில் அது ஒரு அலையைக் கிளப்புகிறது. அலைக்கென்று ஒரு வேகம் உண்டு, அது ஏரியின் ஆழத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 36 கி.மீ., 5 மீட்டரில் 25 கி.மீ., 2 மீட்டரில் 16 கி.மீ. வாக்கில். வண்டியும் அலையும் ஒரே வேகத்தில் போனால் அலை வண்டிக்கு அடியிலேயே நின்று வளர்ந்துகொண்டே போகும், நின்றிருந்தால் சுலபமாகத் தாங்கியிருக்கும் பனிகூட உடைந்துவிடும். கணக்கைப் பார்த்தாலே புரியும்: ஆழம் குறையக் குறைய ஆபத்தான வேகமும் குறைகிறது. அதாவது கரை கண்ணுக்குத் தெரிந்து, "அப்பாடா, வந்தாச்சு" என்று ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த இடம்தான் மோசமான இடம். போதாததற்கு அலை கரையில் மோதித் திரும்பி வண்டியின் முகத்துக்கே வரும். லோடு ஏற்றிய வண்டிக்கு டிபிட் சாலையில் மணிக்கு 25 கி.மீ. என்றும், கரையை நெருங்கும்போது 10 கி.மீ. என்றும் வைத்திருப்பது இதற்காகத்தான். காலியாகத் திரும்பும் வண்டிகளுக்கு தனித் தடத்தில் வேகம் கூடுதலாக உண்டு, அதைப் பார்த்துவிட்டு "அவன் மட்டும் போகலாமா" என்று கோபப்படுவதில் பிரயோஜனமில்லை.

இந்த அலை விவகாரம் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் முற்றுகையிடப்பட்ட சோவியத் நகரமான லெனின்கிராடுக்கு 1941 நவம்பரில் லடோகா ஏரிப் பனியின் மேல் லாரிகளை ஓட்டத் தொடங்கியபோதே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஓட்டுநர்கள் கடுங்குளிரிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள், மூழ்கினால் குதிக்க. சீட் பெல்ட்டும் இதே கதைதான். மெல்லிய பனியில் சாலை போடும் ஆட்களுக்குப் பெல்ட்டைக் கழற்று, கதவோ கூரைத் திறப்போ சட்டென்று திறக்கும்படி வை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்ற இடங்களில் என்ன விதி என்பதை அந்தந்தச் சாலையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தானாக முடிவு செய்யக்கூடாது.

உதவப் போய் கூட்டம் சேர்ப்பது

முன்னால் போன லாரி நின்றுவிட்டது. ஊர் வழக்கப்படி பின்னால் வந்தவர் ஒட்டி நிறுத்துவார், எதிரே வந்தவரும் நிறுத்துவார், மூன்று பேரும் இறங்கிப் பேசுவார்கள். பனியில் இது மூன்று லாரி எடையை ஒரே பலகையின் நடுவில் குவிப்பது. வண்டிகளுக்கு இடையே அரை கிலோமீட்டர் இடைவெளி என்பது டிபிட் சாலையின் விதி. உதவி வேண்டுமானால் ரேடியோ இருக்கிறது.

அதோடு நின்ற வண்டியின் கணக்கே வேறு. பனி மெழுகு மாதிரி, எடை ஒரே இடத்தில் நின்றால் மெதுமெதுவாகத் தொய்ந்துகொண்டே போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதை நகரும் சுமை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, அதற்குத் தடிமன் கூடுதலாக வேண்டும். சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து தெரிந்தால் டீ குடித்துவிட்டு நகர்த்தலாம் என்று இருக்கக்கூடாது.

டோசர், கிரேடர்காரர்களுக்கு இதில் தனிப் பாடம். பனித்தூளை ஓரத்தில் ஒதுக்கி அழகாகக் கரை கட்டிவிட்டால் வேலை சுத்தமாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்தக் குவியலும் எடைதான். பனியை அழுத்தும், அதே நேரம் கம்பளி மாதிரி மூடி அடியில் பனி வளரவிடாமல் செய்யும். மெலிந்த பனி, மேலே எடை, நீளவாக்கில் விரிசல் விழ வேறென்ன வேண்டும்? சாலையை ஐம்பது மீட்டர் வாக்கில் அகலமாகப் போடுவதும், குவியலைப் பரப்பிவிடுவதும் ஆடம்பரத்துக்காக அல்ல. அந்த ஓரக் குவியலுக்குப் பக்கத்தில் லோடு லாரியை ஒதுக்கி நிறுத்துவது, நம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் இன்னொரு தவறு.

எஞ்சின், எண்ணெய், இரும்பு

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டிலிருந்து தொடங்கலாம். கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். மைனஸ் 45 போகும் ஊருக்கு அது போதாது. உடனே "அப்போ தண்ணீரே வேண்டாம், சுத்தக் கிளைகால் ஊற்றிவிடு" என்று ஒரு யோசனை வரும். எத்திலீன் கிளைகால் தனியாக மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும்! கிளைகால் 60, தண்ணீர் 40 என்ற கலவைதான் மைனஸ் 50ஐத் தாண்டும். கூட ஊற்றினால் கூடப் பலன் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

டீசலில் மெழுகு இருக்கிறது, கோடைக்கால டீசல் மைனஸ் 10 வாக்கிலேயே மங்கலாகி ஃபில்டரை அடைக்கத் தொடங்கும். தெற்கே நிரப்பிய டேங்கோடு வடக்கே வருபவர்கள் நடுவழியில் நிற்பது இதனால்தான். டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டெஃப் திரவம் மைனஸ் 11இல் உறையும். 15டபிள்யூ-40 ரக எஞ்சின் எண்ணெய் அந்தக் குளிரில் தார் மாதிரி ஆகிவிடும், ஸ்டார்ட் செய்தாலும் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும். அங்கே குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ-40 சிந்தெட்டிக் எண்ணெய், எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர், இரண்டும் வேண்டும்.

அணைத்துவிட்டால் காலையில் கிளம்பாது என்று இரவெல்லாம் எஞ்சினை ஓடவிடுகிறார்கள், அது சரி. ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் விட்டால் சிலிண்டர் சூடே ஏறாது, எரியாத டீசல் சேரும். வேகத்தைச் சற்றுக் கூட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் மூடி போட்டு விட வேண்டும். பலர் பார்க்க மறப்பது, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயை. அதன் நுனியில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி எங்காவது ஒரு சீல் பிய்த்துக்கொண்டு எண்ணெய் எல்லாம் வெளியே. ஒரு குச்சியால் தட்டிவிட்டிருந்தால் முடிந்திருக்கும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயந்திரத்தின் கையை இயக்கும் ஹைட்ராலிக்கைப் பொறுத்தவரை, எஞ்சின் சூடானால் ஹைட்ராலிக் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காலையில் உட்கார்ந்ததும் பூம் என்னும் அந்த நீண்ட கையை முழு நீளத்துக்கு நீட்டினால் எண்ணெய் போகும் ஹோஸ் கண்ணாடி மாதிரி உடையும். காலியாக, பாதி தூரம், மெதுவாக, பலமுறை ஆட்டிச் சூடேற்ற வேண்டும். இரும்பும் நம்ப முடியாதது. சாதாரண எஃகு குளிரில் வளைவதை மறந்து உடைய ஆரம்பிக்கும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் துறையில் நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. அன்று பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேதான் குளிர். மைனஸ் 40இல் உறைந்த மண்ணை பக்கெட்டால் ஓங்கி அடிப்பவர் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் சூடான பிரேக்கோடு வந்து ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போனால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டையில் ஓடும் டிராக் வண்டியைச் சேற்றிலோ சொதசொத பனியிலோ நிறுத்தினால் காலையில் அது தரையோடு ஒன்று. கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்துவது பத்து நிமிட வேலை.

கையுறையைக் கழற்றும் அந்த ஒரு நிமிடம்

சின்ன நட்டு, தடித்த கையுறையில் பிடிபடவில்லை, "ஒரே நிமிஷம்" என்று கழற்றுவார்கள். காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 40ஐத் தாண்டினால் திறந்த தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையும். இரும்பைத் தொட்டால் அவ்வளவு நேரம்கூட ஆகாது. அதைவிட மோசம் எரிபொருள். மைனஸ் 40 குளிரில் டேங்கில் இருக்கும் குளிர்கால டீசலும் மைனஸ் 40தான், உறையாமல் திரவமாகவே இருக்கும். கையில் சிந்தினால் நொடியில் தோல் போய்விடும். மெல்லிய உள் கையுறை ஒன்று எப்போதும் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். கேபின் சூடாக இருக்கிறதே என்று டீ-ஷர்ட்டோடு ஓட்டிக்கொண்டு, கோட்டைப் பின்னால் எங்கோ போட்டு வைப்பது இன்னொன்று. எஞ்சின் நின்றால் கேபின் வெறும் இரும்புப் பெட்டி.

கடைசி லோடு

மார்ச் பிற்பாதியில் வெயில் ஏறும். பனி இன்னும் ஒரு மீட்டர் இருக்கும், தடிமன் அளவு அப்படியே தெரியும், பலம்தான் உள்ளுக்குள் குறைந்துகொண்டிருக்கும். காற்றின் வெப்பநிலை ஒரு நாள் முழுக்கப் பூஜ்ஜியத்துக்கு மேலேயே இருந்துவிட்டால் பழைய சூத்திரத்தைத் தூக்கி வைத்துவிட வேண்டியதுதான். முதலில் கெடுவது ஏரிகூட அல்ல, இரண்டு ஏரிகளுக்கு இடையே தரையில் போகும் துண்டுகள். கருப்பு மண் வெயிலை உறிஞ்சிச் சேறாகும். அந்தச் சேற்றை டயர் ஏரிக்கு இழுத்து வரும், மண் படிந்த இடத்தில் பனி வேகமாகக் கரையும், அதுவும் சரியாகக் கரையோரத்தில், அலையும் ஆபத்தாக இருக்கும் அதே இடத்தில். 2016 மார்ச் தொடக்கத்தில் டெலினே ஊருக்கு அருகே கிரேட் பேர் ஏரியில் ஒரு எரிபொருள் லாரி சுமார் 30,000 லிட்டரோடு பனியில் இறங்கியது. மார்ச் தொடக்கம் அங்கே இன்னும் நல்ல குளிர்காலம்தான்.

2006இல் குளிர் போதாமல் டிபிட் சாலையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். மிச்சச் சரக்கைச் சுரங்கங்கள் விமானத்தில்தான் கொண்டுபோயின. செலவு பலமடங்கு. அந்தச் செலவு தெரிந்த மேலாளர்தான் பருவக் கடைசியில் ரேடியோவில் வந்து "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பார். டேங்கர் யார் பெயரில் இருந்தாலும், கேபினுக்குள் உட்கார்ந்திருப்பது ஓட்டுநர். முடியாது என்று சொல்ல அவருக்கு அனுமதி உண்டு.